செவிட்டு நாய்க்குத் தெரிந்த குரல்

பேரன் கைபேசியில் லண்டன் தமிழ் வானொலியைப் போட்டான். பாட்டுகளுக்கிடையே பேசிய அறிவிப்பாளரின் குரல் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரேதான். ஏறக்குறைய ஐம்பது வருடமாகியும் அதே சிரிப்பு. குரலில் மட்டும் கிழடு தட்டிவிட்டது.

ராஜபாளையத்தில் இதே வீட்டில் என் அண்ணன் மாலைதோறும் சிற்றலை ரேடியோவில் அவரைக் கேட்பான். எங்கள் வெள்ளை நாய் அவன் காலடியில் கிடக்கும். பிறவிச் செவிடு, ராஜபாளையம் நாய் இனத்தில் அது சகஜம். பிளவக்கல் அணையில் அண்ணன் மூழ்கிப்போன பிறகும் அம்மா அதே நேரத்துக்கு ரேடியோவைப் போட்டாள். பாட்டுக்கு அசையாத நாய், அந்த மனிதர் பேசத் தொடங்கியதும் எழுந்து, அண்ணனின் காலி நாற்காலியைப் பார்த்து வாலாட்டியது.

"ஏலே, அண்ணன் வந்துட்டான். தள்ளி நில்லு," என்றாள் அம்மா, நாற்காலியை ஒட்டி நின்ற என்னிடம்.

"ஏட்டி, செவிட்டு நாய்க்கு என்னத்தக் கேக்கும்?" என்றார் அப்பா.

"அதுக்குக் கேக்கல. தெரியுது."

இப்போது இருப்பது ஆறாவது நாய். இதற்கும் காது கேட்காது. நாற்காலி அதேதான், அதில் நான் உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பாளர் பேசப் பேச, வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து என் முன்னால் நின்று வாலாட்டியது.

"தாத்தா, உங்களத்தான் கூப்பிடுது," என்றான் பேரன்.

நான் எழுந்து தள்ளி நின்றேன். காலி நாற்காலியைப் பார்த்து வாலாட்டிய நாய் என் பக்கம் திரும்பவே இல்லை.