திரும்பிப் பார்க்கும் வாத்து

ஜப்பானில், கனசாவா நகரில் எங்கள் டோஃபு கடைக்குப் பக்கத்து வீடு கினுயோ அக்காவுடையது. பழைய வாள்களின் உதிரிகளை ஊர் ஊராக அனுப்பும் ஒரு கடைக்கு, அவற்றை வீட்டிலேயே பொதிந்து கட்டித் தருவதுதான் அவள் வேலை. கைக்காப்புத் தகடு, பிடியில் பதிக்கும் விரல்நுனி அளவு உருவங்கள், இப்படி. மோதிரத்தைக் கழற்றாமல் ஒன்றையும் தொட மாட்டாள். ரப்பர் பேண்டைக் கண்டாலே எரிந்து விழுவாள், அது உலோகத்தைக் கறுக்க வைக்குமாம். பெட்டியைக் கட்டியதும் காதோரம் வைத்து ஆட்டுவாள். துளிச் சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவாள்.

வாளைப் பார்க்கிறவர்கள் எச்சில் தெறிக்காதிருக்க உதட்டில் ஒரு தாளைக் கவ்விக்கொள்வார்கள். வெறும் தகட்டுக்கு அது வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லியும் அக்கா கேட்கவில்லை. தாள் வாயில் இருக்கும்வரை வீடே தீப்பிடித்தாலும் பேச மாட்டாள்.

வீடுதோறும் வருஷக் கடைசிப் பெரிய சுத்தம் நடக்கும் வாரம் அது. வடக்கே மொரியோகா நகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் மிசோகுசி என்ற கிழவருடைய வாள் உதிரிகள், பழுது பார்த்து வந்திருந்தன. ஒரு தகடு, இரண்டு தங்கக் காட்டு வாத்துகள். ஒன்று கழுத்தை நீட்டிப் பறக்கும், மற்றது திரும்பிப் பார்க்கும். கண் போய்விட்ட மனிதர். அவர் மகள் அன்று காலையில் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா வாத்து வந்துச்சா, வாத்து வந்துச்சான்னே கேக்குறாரு. சின்னப் பிள்ளையில இருட்டுல கட்டைவிரலால தடவியே எது எதுன்னு சொல்லிடுவாராம். இன்னிக்கே அனுப்புங்க. அவருக்கு நாள் இல்லீங்க."

நீட்டிப் பறக்கும் வாத்தை அக்கா பெட்டிக் குழியில் வைத்தாயிற்று. மற்றதை மெல்லிய தாளில் சுருட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாயில் தாளைக் கவ்விக்கொண்டு தகட்டைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் தெருவில் பழைய பேப்பர் வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது. பேப்பரைப் போட்டால் டாய்லெட் பேப்பர் தருகிற வண்டி. அவள் புருஷன் ஷிகெஜிக்கு இலவசம் என்றால் கால் தரையில் நிற்காது. அறைக்குள் வந்து, மூலையிலிருந்த செய்தித்தாள் கட்டோடு கண்ணில் பட்ட காகிதத்தை எல்லாம் வாரி அணைத்துக்கொண்டு போனார். அந்தச் சுருட்டலும் போனது.

அக்கா பார்த்துவிட்டாள். ஆனால் கத்தவில்லை. தகட்டைப் பட்டில் சுற்றி, குழியில் இறக்கி, மூடியைச் சாத்திய பிறகுதான் வாயிலிருந்த தாளை எடுத்தாள். முப்பது வருஷப் பழக்கம், என்ன செய்ய? நான் டோஃபு வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் வெறுங்காலோடு தெருவில் ஓடுவதைப் பார்த்து நானும் பின்னால் ஓடினேன்.

ஒலிபெருக்கி ஒரு சந்தில் கேட்கும், நாங்கள் போனால் அடுத்த சந்தில் கேட்கும். கோயில் சரிவுக்குக் கீழேதான் வண்டி அகப்பட்டது.

"அம்மா, நாலு தெரு பேப்பர் இருக்கு இதுல," என்றான் வண்டிக்காரன்.

"நாப்பது தெருவா இருந்தாலும் இறக்குப்பா. கால்ல விழுறேன்."

நல்லவன், இறக்கினான். பனி கலந்த மழை பிடித்துக்கொண்டது. நனைந்த காகிதம் கூழாகிக் கையில் ஒட்டியது. மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினோம். ஷிகெஜி சைக்கிளில் வந்து சேர்ந்தார், முன்கூடையில் டாய்லெட் பேப்பரோடு.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கினுயோ?"

"வாயில தாள் இருந்துச்சு."

"துப்பித் தொலைக்க வேண்டியதுதானே!"

அவள் அடுத்த கட்டைப் பிரித்தாள். எனக்கு அந்த மனுஷனை அறையலாம் போல இருந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது.

இருட்டும்வரை தேடியும் வாத்து கிடைக்கவில்லை.

அக்கா போனில் ஒளிக்காமல் சொன்னாள். மகள், "இருக்கிறதை அனுப்புங்க. நான் பாத்துக்கிறேன்," என்றாள். காலியான குழியில் அக்கா பஞ்சை அடைத்தாள். பெட்டியைக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. அதற்குத்தான் அழுதாள்.

பெட்டி போய்ச் சேர்ந்ததற்கு மறுநாள் மாலை மகள் கூப்பிட்டாள். ஒரே வாத்தை முதலில் அப்பாவின் வலது கையில் வைத்தாளாம். பிறகு அதையே எடுத்து இடது கையில் வைத்தாளாம். கிழவர் கட்டைவிரலால் அதன் கழுத்தை மெதுவாகத் தடவினாராம், ஒருமுறைக்கு இரண்டுமுறை. "ரெண்டும் வந்துடுச்சு. கட்டினவங்க நல்லா கட்டியிருக்காங்கன்னு சொல்லிடு," என்றாராம். அடுத்த நாள் காலையில் போய்விட்டாராம்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கழுத்தைத் தடவிப் பாத்திருக்காருடி," என்றாள். "அவருக்குத் தெரியும்."