ஊற்று குளிர்ந்த கதை

திண்டுக்கல்காரன் எவனாவது சித்திரை மாதத்தில் காசு கொடுத்து வெந்நீரில் போய் உட்காருவானா?

உட்கார்ந்தேன். இரண்டு வாரம் முன்னால்தான்.

சிறுமலை அடிவாரத்தில் 'இயற்கை வெந்நீர் ஊற்றுப் பூங்கா' என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கலாம்... மாலையும் காலையும் ஊற்றில் ஊறலாம்... முட்டி வலி, இடுப்பு வலி எல்லாம் பறந்துவிடும் என்று செல்போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

வீட்டில் சொன்னதும் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மதியம் ரெண்டு மணிக்கு மாடி டேங்க் குழாயத் தொறந்தா கை வெந்து போகுது. அதுல ஒரு வாளி புடிச்சுத் தாரேன், கால விட்டுக்கிட்டு உக்காருங்க. இதுக்குப் போயி டென்ட்டு, காடுன்னுக்கிட்டு..."

நியாயமான பேச்சு. ஆனால் ஆசைப்பட்டது நான் இல்லை. காதர் பாய்.

காதர் பாயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். நாற்பது வருடமாகக் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவர். போன வருடம் ஒரு மண்டபத்துச் சமையல்கட்டில் ஈரத்தில் வழுக்கி விழுந்து, வலது முட்டிச் சில்லு உடைந்துபோனது. ஆபரேஷன் ஆயிற்று. "எலும்பு நல்லாச் சேர்ந்திருச்சு, இனிமே மடக்கிப் பழகுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் மடக்கினால்தானே! மடக்கினால் மறுபடி உடைந்துவிடும் என்று பயம். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி தம்பியை டீ வாங்கிக் கொடுத்தே திருப்பி அனுப்பிவிட்டார். சமையல் மகன் கைக்குப் போனது. இவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுவதோடு சரி.

அதுகூடப் பரவாயில்லை என்பார். பள்ளிவாசலிலும் நாற்காலிதான். ஒரு வருடமாகக் கடைசி வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுகிறார்.

"அதுவும் தொழுகைதேன்னு நம்ம பள்ளிவாசல் அசரத்தே சொல்றாரு மாப்ள. நான் இல்லேங்கல. ஆனா நெத்தி தரையில படணும்ல? ஒரு வருசமாப் படல. வாசல்ல நின்னே பேசிட்டுத் திரும்பி வந்த மாதிரி இருக்குடா எனக்கு."

 இதைக் கேட்ட பிறகு மாடி டேங்க் நியாயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். கிளம்பிவிட்டோம்.

நாங்கள் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. முட்டியை மடக்காத மனிதர் கூடாரத்துக்குள் எப்படி நுழைவார்? கூடாரம் என் இடுப்பு உயரம்தான் இருந்தது, தவழ்ந்துதான் போக வேண்டும். பாய் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "இதுக்குள்ள கோழிதேன் போகும்" என்றார். கடைசியில் பூங்காக் காவல்காரர் அந்தோணி எங்கிருந்தோ ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து வேப்ப மரத்தடியில் போட்டார். இந்த அந்தோணிதான் அங்கே எல்லாம்... டிக்கெட் கிழிப்பது, பாத்ரூம் கழுவுவது, ராத்திரிக்கு இட்லி வாங்கி வருவது எல்லாமே. ஐம்பது வயதிருக்கும். கண் மட்டும் எப்போதும் செக்கச்செவேல் என்று இருந்தது. குடிப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன். தப்பாக நினைத்ததற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

ஊற்று எப்படி இருந்தது? பாறைகளைச் சுற்றி அடுக்கிக் கட்டிய தொட்டி. ஒரு பாறை இடுக்கிலிருந்து வெந்நீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு போர்டு: 'இயற்கை ஊற்று. காலை 6.30 முதல் 10 வரை. மாலை 4 முதல் 6.30 வரை.'

"பூமிக்கு லஞ்ச் பிரேக் உண்டா?" என்று கேட்டேன்.

"ஏலே, சும்மா இரு. நம்பிக்கையோட இறங்கணும்" என்றார் பாய்.

இறங்கவும் செய்தார். வலது காலைக் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் நான், மறுபக்கம் அந்தோணி. சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே நாற்பது டிகிரி வெயில் அடங்காமல் நிற்கிறது, உள்ளே வெந்நீர். பத்து நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றியது. பாய் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார். இறைவனிடம் துஆ கேட்கிறார் என்று தெரிந்தது.  இந்த ஊற்றில் ஏதோ கோளாறு என்று என் மனசுக்குப் பட்டுவிட்டது. சொல்லிவிடலாமா? ஒரு வருடம் கழித்து மனிதர் முதல் முறையாக நம்பியிருக்கிறார்... எந்த வாயால் சொல்வது? பேசாமல் போய்க் கூடாரத்துக்குள் இட்லி மாதிரி வெந்துகொண்டே தூங்கினேன்.

விடியக்காலை பாய்தான் எழுப்பினார்.

"மாப்ள, எந்திரி. புகை வருது."

"கொசுவுக்குப் போட்டிருப்பாங்க, படு பாய்."

"போடா. பச்ச விறகுப் புகைடா இது. எவனோ அடுப்பு மூட்டத் தெரியாம மூட்டுறான்."

நாற்பது வருட மூக்கு! ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு புகை வந்த திசையில் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டிக்குப் பின்பக்கம், பாறைக்கு அந்தப் புறம், தகரம் வைத்து மறைத்த ஓர் இடம். எட்டிப் பார்த்தோம்.

கல்யாணப் பிரியாணிக்கு வைக்கிற மாதிரி இரண்டு பெரிய அண்டாக்கள் அடுப்பில் உட்கார்ந்திருந்தன. அண்டாவிலிருந்து ஒரு குழாய் பாறைக்குள் போனது. கீழே அந்தோணி, கண்ணில் நீர் ஒழுக, விறகை ஊதிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வெளிய சொல்லிராதீங்கண்ணே. போர் போட்டப்ப வெதுவெதுன்னுதேன் வந்துச்சு. அத நம்பித்தேன் ஓனரு இம்புட்டையும் கட்டுனாரு. போன ஐப்பசியில மழை அடிச்சு ஊத்திருச்சுல்ல... அதுலருந்து பச்சத்தண்ணியா வருது. ஆளுக இறங்குறதுக்கு முன்னாடியே இப்பிடிக் காய்ச்சி வச்சு அடுப்ப அணைச்சுருவேன். ஆளுக திரும்பிப் போனா எனக்கு வேலை போயிரும்."

மழை பெய்யாதா என்று வானத்தைப் பார்த்துக் கிடக்கிற ஊரில், மழை பெய்ததால் பிழைப்பு கெட்ட ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் என் கவலை அந்தோணி இல்லை. மெல்லத் திரும்பிப் பாயைப் பார்த்தேன். ஒரு வருட ஆசை, இரண்டு மணி நேர துஆ... எல்லாம் ஓர் அண்டாத் தண்ணீரா? மனிதர் உடைந்துபோவாரே. என்ன சொல்லித் தேற்றுவது? 

பாயின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார்.

"கூறுகெட்டவனே! அடுப்பாடா இது?"

அந்தோணி திகைத்துவிட்டார்.

"காத்து மேக்கருந்து வருது, நீ அடுப்பு வாயக் கெழக்க வச்சிருக்க! இம்புட்டு விறகையும் ஒண்ணாத் திணிச்சா எப்படிடா எரியும்? மூச்சு விட எடம் வேணாமா அதுக்கு? தள்ளு அங்கிட்டு!"

ஊன்றுகோல் ஒரு பக்கம் விழுந்தது. பாய் கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டு விறகை உருவி வெளியே எறிந்தார். அடியில் சுள்ளியைக் குறுக்கே அடுக்கினார். மேற்குப் பக்கம் ஒரு கல்லை நகர்த்தி வழிவிட்டார். குனிந்து, ஊதுகுழலை வாங்கி, ஒரே ஊது. குப்பென்று பிடித்தது தீ.

நான் தீயைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முட்டியும் மடங்கி, மண்ணில் ஊன்றி, குதிகால் மேல் உட்கார்ந்திருந்தார்.

 சொன்னால் பயந்துவிடுவாரோ என்று பயம். ஆனால் அந்தோணி சும்மா இருக்கிற ஆளா?

"பாய்... முட்டிய மடக்கவே முடியாதுன்னீங்க?"

பாய் குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல முட்டியைத் தொட்டார். "வலிக்குதுடா மாப்ள" என்றார். பிறகு, "ஆனா உடையல" என்றார். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். அந்தோணிக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்து அவரும் அழுதார்.

கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. "தொழுகைக்கு நேரமாகுது" என்றார் பாய். அந்த அண்டாத் தண்ணீரிலேயே கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்தார். அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, என் துண்டை மேற்குப் பார்த்து விரித்தேன். நின்றார். குனிந்தார். பிறகு, மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி தரையில் பட்டது. எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. கால் வலியால் என்று நான் நினைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அடுத்த வெள்ளிக்கிழமை, கடைசி வரிசையில் அவர் நாற்காலி காலியாக இருந்ததாம். பாய் இரண்டாவது வரிசையில் நின்றிருக்கிறார். தொழுகை முடிந்ததும் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த டாக்டர், என்ன மருந்து? வெளியே சொல்ல மாட்டேன் என்று கிளம்பும்போது அந்தோணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாரே, என்ன சொல்வார்? "வெந்நீருதேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இப்போது மற்ற நாற்காலிக்காரர்கள் எல்லாம் அந்தப் பூங்காவில் இடம் கேட்டு நெருக்குகிறார்களாம். இத்தனை பேருக்கும் எத்தனை அண்டா வைப்பது என்று அந்தோணி என்னைப் போனில் கூப்பிட்டுப் புலம்புகிறார்.

அவருக்கு ஒரே ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். முட்டி வலி என்று யார் வந்தாலும், ஊற்றில் இறக்காதே... அடுப்பைப் பற்றவைக்கச் சொல்!