மாற்றி வைத்த புழுக்கள்

செத்த புழுக்களைக் கொட்டிவிட்டு, உயிருள்ள புழுக்களை மாற்றி வைத்தவள் நான். அதனால் இன்று ஒரு மனிதர், தன் குளத்தில் விஷம் கலந்தது கூடப்பிறந்த அண்ணன்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அண்ணன் கலக்கவில்லை. அது எனக்குத் தெரியும்... இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

புழுவுக்காக ஒருத்தி இப்படிப் புலம்புவாளா என்று நீங்கள் நினைக்கலாம். முழுவதும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை படித்தவள். காட்டூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவேன், மீன்தொட்டிகளைப் பார்த்துக்கொள்வேன். யாராவது சத்தம் போட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிறவிக் குணம். அதைச் சாக்காகச் சொல்லவில்லை... சாக்காகத்தான் சொல்கிறேனோ?

ஒருநாள் ரெங்கராஜ் என்பவர் எங்கள் பேராசிரியை மேடத்தைத் தேடி வந்தார். ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவை விற்றுவிட்டு, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கப்போவதாகச் சொன்னார். குளத்தை ஒட்டி அவருடைய அண்ணனின் வாழைத்தோட்டம். முன்பு முலாம் பூசும் பட்டறை ஒன்றின் கழிவுநீர் அந்தக் குளத்தில்தான் விழுந்துகொண்டிருந்ததாம். பட்டறையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன.

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குங்க மேடம். அடிச்சேறுதான் பயமா இருக்கு.”

“பயம் நியாயம்தான்,” என்றார் மேடம். “தண்ணி வடிஞ்சு போயிடும். விஷம் சேத்துலயே படிஞ்சு கிடக்கும். அங்க குடியிருக்கிற புழு பூச்சியக் கேட்டாத்தான் தெரியும்.”

“நான் ஜோசியரக் கேட்டுட்டு வந்துட்டேன். தாராளமா இறங்குன்னுட்டாரு. இருந்தாலும் அவரு குளத்துல இறங்கப்போறதில்ல பாருங்க.”

மேடம் சிரித்துவிட்டார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

ஒரு வரிசைக் குடுவைகளில் அவருடைய குளத்துச் சேறு. இன்னொரு வரிசையில் முக்கொம்புக்கு மேலே காவிரியில் எடுத்த நல்ல சேறு. இரண்டிலும் செம்புழுக்களை விட்டோம். கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழு அது. சேற்றுக்குள் நூல் போலக் குழல் கட்டிக்கொண்டு உள்ளே கிடந்து உடம்பை நெளிக்கும். முட்டையிலிருந்து அவற்றை வளர்த்தது நான்தான். மீன் தீனியைப் பொடித்துத் தூவுவேன். குடுவைகளுக்குள் சிறு குழாய் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

இடையில் வைகுண்ட ஏகாதசிக்கு உள்ளூர் விடுமுறை வந்தது.

“லீவுன்னு இருந்துடாதீங்க மேரி. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுங்க,” என்று மேடம் சொல்லியிருந்தார். தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, மணப்பாறையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ஆய்வகத்தைத் திறந்தால்... குழாய்களில் குமிழி இல்லை. விடுமுறை நாளில் வயரிங் வேலை பார்த்தவர்கள் மெயினை அணைத்துவிட்டு அப்படியே போயிருந்தார்கள். ரெங்கராஜின் குளத்துச் சேற்றில் புழுக்கள் குழலைவிட்டு வெளியே வந்து, வெளுத்து, நூல் துண்டுகளாகக் கிடந்தன.

நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். காற்று நின்றதால் செத்தன. நான் வராததால் காற்று நின்றது. இதைத் தவிர வேறு எதுவும் என் புத்தியில் ஏறவில்லை. மேடம் வருவதற்குள் செத்ததை எல்லாம் எடுத்துக் கொட்டினேன். வளர்ப்புத் தட்டிலிருந்து அதே வயதுப் புழுக்களை எடுத்து விட்டேன்.

அடுத்த வரிசையையும் பார்த்தேன். காவிரிச் சேற்றில் புழுக்கள் எல்லாம் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. ‘நல்லவேளை, இங்கே வேலை மிச்சம்’ என்றுதான் தோன்றியது. கண்ணெதிரே இருந்த பதிலைப் பார்த்து நிம்மதிப்பட்டுக்கொண்டேன்!

அன்று மாலையே சோதனை முடிந்தது. மேடம் சேற்றைச் சலித்துப் பார்த்தார். எல்லாம் உயிரோடு இருந்தன. செய்தி கேட்டு வந்த ரெங்கராஜ் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று. குடித்தேன்.

அவர் மீன்குஞ்சு விட்ட பிறகு, மாணவிகளுக்கு மேடம் அதே மேஜையில் பாடம் நடத்தினார். நான் தொட்டியடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஏன் ரெண்டு வரிசை வைக்கிறோம்? நம்ம கவனிப்புல தப்பிருந்தா ரெண்டுமே சாகும். ஒண்ணு மட்டும் செத்தா, அது சேத்தோட வேலை. இந்தப் புழுவுக்கு நம்மள மாதிரி சிவப்பு ரத்தம். காத்து கொஞ்சம் கொறஞ்சாலும் தாங்கிக்கும்.”

குழாயை மூட மறந்து நின்றேன். மெயின் நின்றது இரண்டு வரிசைக்கும்தானே... செத்தது ஒரு வரிசைதானே...

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மாணவிகள் போகட்டும் என்று காத்திருந்தேன். போனார்கள். மேடம் பையை எடுத்துக்கொண்டார். “என்ன மேரி?” என்றார். “ஒண்ணுமில்லைங்க மேடம்,” என்றேன்.

ரெங்கராஜ் மறுபடி வந்தபோது ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு மீன்; தலை பெரிதாக, உடம்பு ஒட்டிப்போய்.

“கட்லா மீனு தண்ணிக்கு மேலாக்க இருக்கறதால ஏதோ பொழைச்சுக் கிடக்கு. அடியில மேயிற மிர்கால்தான் தினம் மிதக்குதுங்க. சேத்தைக் கிளறிப் பாத்தேன். ஒரு புழு இல்ல, ஒரு நத்தை இல்ல.”

மேடத்துக்குக் குழப்பம். “நாம பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? நீங்கதானே பாத்துக்கிட்டீங்க மேரி?”

“ஆமாங்க மேடம்.”

மறுபடியும் சேறு எடுத்து வந்தோம். இம்முறை ஒரு நாள்கூட நான் தவறவில்லை. புழுக்கள் உண்மையைக் காட்டிவிடும், நான் வாயே திறக்க வேண்டாம் என்று நம்பினேன். அவையும் காட்டின. காவிரிச் சேற்றில் உயிரோடிருந்தன. குளத்துச் சேற்றில் ஒன்றுவிடாமல் செத்தன.

ஆனால் என்ன நடந்தது தெரியுமா? “முன்னாடி நல்லா இருந்த சேறு, இப்ப இப்படின்னா... நடுவுல ஏதோ வந்து கலந்திருக்கு ரெங்கராஜ்,” என்றார் மேடம். அவர் மேல் என்ன குற்றம்? என் பொய்யின் மேல் நின்று பார்த்தால் அப்படித்தானே தெரியும்?

“வாழைக்கு மருந்து அடிச்சிட்டு அண்ணன் டின்ன எங்க கழுவுறான்னு இப்பத்தான் புரியுது,” என்றார் ரெங்கராஜ். அண்ணனுக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு ஏற்கெனவே இருந்ததாம். “நான் தலையெடுத்துடுவேன்னு வயித்தெரிச்சல். கூடப்பொறந்தவன் பாருங்க.” போகும்போது என்னிடம் வந்து, “நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சதாலதான் தெரிஞ்சுது, அக்கா,” என்றார். நன்றி சொன்னார்... எனக்கு!

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். “ஒரு பொய் சொன்னேன் சாமி,” என்றேன். “அதனால யாருக்காவது கெடுதலா?” என்று சாமியார் கேட்டார். “தெரியலைங்க சாமி,” என்றேன். மூன்று முறை ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த மன்னிப்பு நான் சொன்ன சின்னப் பொய்க்குத்தான். சொல்லாமல் விட்டது என்னோடுதான் எழுந்து வந்தது.

அண்ணனும் ஒருநாள் வந்தார். மேடம் வகுப்பில் இருந்தார். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காராமல் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் ஒண்ணும் கொட்டலம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். சித்தப்பன் வரமாட்டேங்குறான். தூக்கி வளத்த புள்ள, அழுவுது. உங்க சோதனையில ஏதும் தப்பு நடந்திருக்குமா?”

கேட்டுவிட்டார். இதைவிட நேராக யாரால் கேட்க முடியும்? இரண்டே வார்த்தை போதும். ‘நடந்தது ஐயா.’ தொண்டை வரை வந்தது. வேலை போய்விடும் என்ற பயமா? ரெங்கராஜின் முகத்தை எண்ணிய பயமா? இல்லை, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, அந்தப் பயமா?

“மேடம் தப்பாப் பண்ண மாட்டாங்க,” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “சரிம்மா,” என்று இறங்கிப் போனார். வராந்தா முனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சற்று நின்றார். வழி காட்டக்கூட நான் போகவில்லை.

கல்யாணம் ஆவணியில். ரெங்கராஜ் போகப்போவதில்லை. குளத்தில் மிர்கால் எல்லாம் போய்விட்டது. கட்லாவையும் நம்ப முடியாது என்கிறார்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு அந்த இருவரையும் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிந்தது.