மாதுளைக்குக் காவல்

ஜெர்மனியில் எனக்குக் கிடைத்த வேலை, சீனாக்காரனின் மாதுளம்பழத்துக்குக் காவல் நிற்பது. எங்கள் நகர அருங்காட்சியகத்தின் பீங்கான் அறையில், வெள்ளையில் நீலம் தீட்டிய பழைய சீனச் சாடி ஒன்று திறந்த மேடையில் இருக்கிறது. யாராவது கை நீட்டினால் மணி அலறும். அலறினால் நான் ஓடி வர வேண்டும். ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு.

சாடியில் தீட்டியிருப்பது மூன்று பழங்கள். பீச், நீண்ட ஆயுளுக்கு. விரல்விரலாக நீண்ட எலுமிச்சை, அருளுக்கு. வெடித்து விதை காட்டும் மாதுளை, பிள்ளைச் செல்வத்துக்கு. முன்னொரு காலத்தில் இதுபோன்ற பழங்களைப் பார்த்து வரைந்த ஜெர்மன்காரர்கள் வெங்காயம் என்று நினைத்துவிட்டார்களாம். இன்றும் அந்தப் பெயரில்தான் தட்டும் கோப்பையும் விலைபோகின்றன. கலியாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லாத நான், இந்த மாதுளைக்குப் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறேன்.

நுழைவு இலவசமான ஒரு ஞாயிறு, எங்கள் மேல்வீட்டு அக்கா வந்தார். அக்கா வேதக்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் எனக்காக, இங்கே நம்மவர்கள் கட்டிய ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்கும் நேர்த்தி வைத்தவர். பிறந்தநாள் மண்டபங்களில் "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று எல்லோருக்கும் கேட்க விசாரிப்பவரும் அவர்தான். நான் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவேன்.

விளக்கப் பலகையைத் தமிழில் சொல்லச் சொன்னார். மாதுளைக்கு வந்ததும் அக்காவின் கண் விரிந்தது.

"ஒருக்காத் தொட்டுக் கண்ணில ஒற்று, பிள்ளை."

"ஏலாது அக்கா. வேலை போயிடும்."

"வேலை போனா வேற வேலை எடுக்கலாம். வயசு போனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாடி என்ன டாக்டரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், கோப்பியும் இலவசமா என்று விசாரிக்கக் கீழே போய்விட்டார்.

அறையில் யாரும் இல்லை. ஆறு வருடமாக ஊரையே விரட்டிய கை, தானாக நீண்டது. மாதுளை சில்லென்று இருந்தது. மணி அலறியது.

பக்கத்து அறைக் காவலாளி எட்டிப் பார்த்து, யார் தொட்டது என்று கேட்டார். ஒரு பார்வையாளர், ஓடிவிட்டார் என்றேன். அறிக்கையில் "ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண்" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

அக்காவுக்கு நான் சொல்லாத வரி ஒன்று பலகையின் அடியில் உண்டு. சாடியை வாழ்நாளெல்லாம் வீட்டில் வைத்திருந்த தம்பதி, வாரிசு இல்லாததால் அதை நகரத்துக்கு எழுதி வைத்தார்கள் என்ற வரி. எனக்கு அது மனப்பாடம். தெரிந்துதான் தொட்டேன். கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.