கடைசி பஸ்ஸும் சங்கத்துச் சோறும்

சங்கம் என்றாலே எனக்கு ஆகாது. மஹய்யாவையில் நாங்கள் இருந்த பக்கத்தில் எத்தனையோ சங்கங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அதே ஆட்கள்தான் மாறி மாறித் தலைவராகி, மாறி மாறிச் சண்டை போட்டார்கள். மாநகரசபையில் வேலை பார்த்த அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. ஆகவே, கண்டியில் ஒரு கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்து, இந்த வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு என்று கேள்விப்பட்டபோது, வேலியில் போகிற ஓணானை நான் ஏன் மடியில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

விட்டாரா தாத்தா? கண்டி முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். எங்கள் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்குறணைக்காரரை நாங்கள் எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுவோம்.

“நீங்க என்னத்துக்குப் பயப்படுறீங்க? வந்து ஒரு மூலையில இருங்களேன். ஒண்டும் இல்லாட்டியும் புரியாணி நல்லா இருக்கும்,” என்றார்.

புரியாணிக்காகத்தான் போனேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

பல கல்லூரிகளிலிருந்தும் வந்திருந்தார்கள்: விடுதிப் பொறுப்பாளர்கள், ஆலோசகர்கள், விளையாட்டுப் பயிற்றுநர்கள். குத்துவிளக்கு ஏற்றி, தேசிய கீதம் பாடி, பிறகு பேசத் தொடங்கினார்கள். பேச்சு முழுக்கச் சிங்களம். ஒருவர் எழுந்து, தன் விடுதிப் பையன்கள் தண்ணீர் சுடவைக்கும் கேத்தலில் நூடில்ஸ் அவித்து, பியூஸ் போய், மாடி முழுவதையும் இருட்டாக்கிய கதையைச் சொன்னார். மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். எங்கள் விடுதியிலும் அதே கூத்து நடந்து, நிருவாகத்திடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டு நினைவில் அழும் பிள்ளை, குளியலறைச் சண்டை, “மகள் போன் எடுக்கிறாளில்லை” என்று பதறும் அம்மா, இதெல்லாம் என் தலையில் மட்டும் விடிகிறது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு மனம் எவ்வளவு லேசானது என்று சொல்லி முடியாது. சங்கம் என்பதன் பயன் அதுவாகவே இருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. நாம் படுவதை இன்னொருவரும் படுகிறார் என்று தெரிந்தாலே, திங்கட்கிழமை வேலைக்குப் போகக் கால் வருகிறது.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. மஹியங்கனைப் பக்கமிருந்து வரும் ஒரு விடுதிப் பொறுப்பாளர் எழுந்து, கூட்டத்தைப் பின்னேரம் வைப்பதால் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. எல்லாரும் கை தூக்க, அன்றிலிருந்து கூட்டம் காலை நேரத்துக்கு மாறியது. நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாக வந்த பெண் என்பதால் என்னிடம் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். தமிழ் பேசுகிறவள் என்பதால், முடிவில் “தமிழில் இரண்டு வார்த்தை” நன்றி சொல்லும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் இரண்டும் எனக்கே. நான் நன்றி சொல்லும்போது கதிரைகள் இழுபடும், பாதிப் பேர் கை கழுவப் போயிருப்பார்கள். கேட்டுக்கொண்டிருப்பது தாத்தா மட்டும்தான். அவரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, எந்த யாப்பிலும் சட்டதிட்டத்திலும் எழுதப்படாதது. சோற்றுப் பார்சல் வாசலுக்கு வந்தால் கூட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் எந்த விஷயம் மேசையில் இருந்தாலும் அது அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எங்களுக்கு முதலில் பறப்பது நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருக்கும் “வேறு விடயங்கள்”. சில விடயங்கள் நான் சேர்ந்த நாளிலிருந்தே அடுத்த வருஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

இதற்கிடையில்தான் அந்தப் பிள்ளை என் அறைக்கு வந்தாள். ஹேவாஹெட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இரண்டாம் வருஷம். விரிவுரை நடக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறாள், கேட்டால் பதில் இல்லை, மரியாதை இல்லை என்று விரிவுரையாளர் முறைப்பாடு செய்திருந்தார். பாதியில் போவதை வரவாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். வரவு போதாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

“ஏம்மா இப்படிப் பண்றே?” என்று கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

“ஹொஸ்டல் இல்லைன்னுட்டாங்க மிஸ். முடியிற வரைக்கும் இருந்தா, டவுன்ல இருந்து தோட்டத்துக்குப் போற கடைசி பஸ் போயிருது. பொறவு மலையில நடக்கணும். இருட்டிருதுங்க. அப்பா டோர்ச் எடுத்துக்கிட்டுப் பாதி வழிக்கு வருவாரு. இப்ப அவருக்கு முட்டி முடியல.”

“இத சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க மிஸ். எந்திரிச்சுப் போறதே வெக்கமா இருக்கு. இதுல கதை வேற சொல்லணுமா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் வருஷம் எல்லாருக்கும் விடுதி உண்டு. இரண்டாம் வருஷத்திலிருந்து, வீடு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருந்தால்தான். ஹேவாஹெட்டை கண்டிக்குப் பக்கம். வரைபடத்தில் விரலை வைத்தால் பக்கம்தான். வரைபடத்தில் பஸ் ஓடுமா? நேரே எங்கள் மாணவர் நலப் பிரிவுப் பணிப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. “இந்த விதியை நானா போட்டேன்? உங்கள் சங்கம் எழுதிக் கொடுத்த வழிகாட்டியில் இருக்கிறது. எல்லாக் கல்லூரியும் அதைத்தான் பார்க்கிறது. சங்கம் மாற்றினால் நானும் மாற்றுகிறேன்,” என்றார்.

அட கடவுளே! நான் வருஷா வருஷம் சோறு வாங்கிக் கொடுக்கும் அதே சங்கம்.

ஆண்டுக் கூட்டத்துக்கு அதை எழுதிக் கொடுத்தேன். நினைத்தபடியே “வேறு விடயங்கள்” என்பதில், அதுவும் கடைசியில் போட்டார்கள். இந்த வருஷமும் அது அடுத்த வருஷத்துக்குப் போனால், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை கண்டியில் ஏதாவது ஒரு புடவைக் கடையில் சேலை மடித்துக்கொண்டு நிற்பாள். அதை நினைக்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாத்தாவிடம் புலம்பினேன்.

“சோறு வந்தாத்தானே கூட்டம் முடியும்? சோறு யார்ட கையில இருக்கு?” என்று கேட்டுவிட்டுத் தாத்தா தன் பாட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

புரியாணிக் கடை நானாவிடம் போய், நான் போனில் கோல் எடுத்தால் மட்டும் சாப்பாட்டைக் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். தாத்தா அக்கா என்றால், நானா அண்ணன்.

“ஆறிப் போனா என்னைய குத்தம் சொல்லப்படாது,” என்றார் நானா.

“சொல்ல மாட்டேன் நானா. நீங்க வந்துடாதீங்க, அது போதும்.”

அன்றைக்குக் கூட்டம் வழக்கம்போல இழுத்தது. பகல் ஏற ஏறத் தலைவர் வாசலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். கண்டிய நாகரிகம் நிறைந்த பெரிய மனிதர். பசியை மட்டும் அவரால் மறைக்க முடியாது. சாப்பாடு வழியில் வந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் “வேறு விடயங்களை” அப்படியே தாண்டிவிட்டு, “ஹரி நங்கி,” சரி தங்கச்சி, “தமிழில் இரண்டு வார்த்தை,” என்று ஒலிவாங்கியை என் கையில் தந்தார். கதிரைகள் இழுபடத் தொடங்கின.

நான் சிங்களத்தில் பேசினேன்.

“சாப்பாடு இன்னும் கடையில்தான் இருக்கிறது. நான் கோல் எடுத்தால்தான் வரும். ஒரு விஷயம் முடிந்ததும் எடுக்கிறேன்.”

இழுபட்ட கதிரைகள் நின்றன. பின்னால் தாத்தா களுக்கென்று சிரித்தது மட்டும் கேட்டது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்து, போய்க் கதிரையில் உட்கார்ந்தார். நான் ஒலிவாங்கியை விடவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன், டோர்ச்சையும் முட்டியையும் சொன்னேன். வீடு எவ்வளவு தூரம் என்று கேட்காமல், விரிவுரை முடிந்த பிறகு வீட்டுக்குப் போக பஸ் இருக்கிறதா என்று கேட்போம் என்றேன்.

“அப்படிக் கேட்டால் எல்லாரும் பஸ் இல்லை என்றுதான் சொல்வார்கள்,” என்றார் ஒருவர்.

“நாம் சொல்லவில்லையா?” என்று திருப்பிக் கேட்டேன். “இந்தக் கூட்டம் ஏன் காலையில் நடக்கிறது? நம்மில் ஒருவர் கடைசி பஸ் போய்விடும் என்றார். எத்தனை கிலோமீட்டர் என்று அவரிடம் யாராவது கேட்டோமா? அவர் சொன்னதும் நம்பினோம். அந்தப் பிள்ளையை மட்டும் ஏன் நம்பக் கூடாது?”

சொல்லி முடித்ததும், இனி எனக்கு இங்கே சோறும் இல்லை, சங்கமும் இல்லை என்றுதான் நினைத்தேன். அப்போது முன்வரிசையில் ஒரு கை மேலே போனது. மஹியங்கனைக்காரர். திரும்பிப் பார்க்கவில்லை, கையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கை, அதன் பின்னால் இன்னொரு கை. பசியில் தூக்கிய கைகளும் அதில் இருந்திருக்கும். இருக்கட்டுமே. மற்றச் சங்கங்களில் இதைவிட மோசமான காரணங்களுக்கெல்லாம் கை தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நானாவுக்கு கோல் எடுத்தேன். பிறகு வெளியே படிக்கட்டில் நின்று பணிப்பாளருக்கு எடுத்தேன். சொன்ன சொல் மாறாத மனிதர். திங்கட்கிழமை பிள்ளையைப் பெட்டியோடு வரச் சொல்லுங்கள் என்றார். கடைசியாக அவளுக்கு எடுத்தேன். தோட்டத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. விஷயத்தை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. 

“மிஸ்,” என்றாள் மெதுவாக. “அப்ப இனிமே லெக்சர் முடியிற வரைக்கும் நான் இருக்கலாங்களா?”

உள்ளே சோற்றுப் பார்சல் பிரிக்கும் சத்தம் கேட்டது. தாத்தா வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“இரும்மா,” என்றேன். “எல்லாரும் எந்திரிச்ச பொறவு எந்திரி.”