கடைசிப் பாட்டுக்கு முன் ஒரு சத்தம்

அந்தக் கேசட்டை அழித்தது நான்தான். டேப் ரெக்கார்டரில் சிக்கி அறுந்துபோனதாக முப்பத்தைந்து வருடங்களாக என் நண்பனிடம் சொல்லிவந்தேன்.

அவன் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்து நான் ஆசிரியரானேன். அவன் கப்பலுக்குப் போனான். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கியபோது, பெயர்பெற்ற ஹார்ட் ராக் குழு ஒன்றின் கச்சேரிக்குப் போயிருக்கிறான். அந்தக் கச்சேரியே பிறகு கேசட்டாக வந்தது. அதை எனக்கென்று வாங்கிவந்தான். கடைசிப் பாட்டுக்கு முன் கிட்டார் ஓய்கிற நொடியில், தான் 'ஏலே' என்று கத்தியது அதில் பதிவாகியிருப்பதாகச் சொன்னான்.

"அத்தன ஆயிரம் பேருக்கு நடுவுல உன் சத்தம் மட்டும் தனியாக் கேக்குதாக்கும்?" என்று கேலி செய்தேன். ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. எனக்கு அது வெறும் இரைச்சல்.

திருச்செந்தூரில் என் மகளுக்குக் காது குத்தினோம். மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனுக்கு வளைகுடாவில் விடுப்புக் கிடைக்கவில்லை. சத்தத்தையாவது பதிந்து அனுப்பலாம் என்றால், புதுக் கேசட் வாங்க மறந்திருந்தேன். பையில் இது கிடந்தது. அழித்துப் பதிய முடியாதபடி தடுக்க அதன் முதுகில் விட்டிருந்த இரண்டு துளைகளையும் காகிதம் மடித்து அடைத்துவிட்டு, மேலேயே பதிந்தேன். அவன் கத்திய இடத்தில் என் மகள் அழுதாள்.

போன வருடம் அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. மகளிடம் சொன்னேன். அந்தக் கச்சேரி இப்போதும் இணையத்தில் கிடைக்கிறது என்று தேடி எடுத்து, என் போனில் ஏற்றித் தந்தாள்.

தூத்துக்குடி பஸ் வல்லநாட்டில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதும் சொல்ல வேண்டியதை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் வீட்டில் எதிரே உட்கார்ந்து உள்ளபடியே சொன்னேன். அவன் சிலேட்டில் எழுதினான்: 'பிள்ளைக்குக் காது புண்ணாகாம ஆறுச்சா?'

இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டோம். கிட்டார் ஓய்ந்தது. கண்ணை மூடியபடி விரலைத் தூக்கினான். எனக்குக் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது. அவன் சிலேட்டை என் பக்கம் திருப்பினான்: 'கேட்டுச்சா?'

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"கேக்கலலே," என்றேன்.

தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தான். 'செவிட்டு வாத்தியாரு' என்று எழுதிக் காட்டிவிட்டு, என் கையிலிருந்த போனை வாங்கிப் பாட்டைப் பின்னுக்குத் தள்ளினான்.