வெள்ளை முகம் முதலில்

கொடி வெட்டும் கவாத்து தொடங்கினால் என் கணவருக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிடும். எங்கள் திராட்சைப் பந்தலில் வேறு யாரையும் கத்தரி வைக்க விடமாட்டார். ஆள் வைக்கலாமே என்றால், "எந்தக் கணுவ விடணும்னு அவுகளுக்கு என்ன தெரியும்?" என்பார். பிறகு சாயங்காலம் என் முன்னால் வந்து உட்கார்ந்து, தைலம் தேய்க்கச் சொல்லிக் கையை நீட்டுவார். பார்க்கப் பாவமாக இருக்கும். எல்லாம் மழுங்கிப்போன கத்தரியால் வந்த வினை என்று நினைத்து, போனிலேயே ஒரு சாணைக்கல் வாங்கினேன்.

கல்லின் ஒரு முகம் வெள்ளை, 1000 என்று போட்டிருந்தது. மறு முகம் பச்சை, 400. எது எதற்கு என்று பார்க்க, விற்றவர்கள் தமிழில் எழுதியிருந்த விளக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எந்த மெஷின் மொழிபெயர்த்ததோ! "இக்கல் தண்ணீரை நேசிக்கும். எண் பெரிதானால் கத்தியின் பெருமை வளரும். வெள்ளை முகத்தில் தொடங்கி மகிழுங்கள். குழந்தை கடிக்க வேண்டாம்." இருவரும் சிரித்து ஓய வெகு நேரமானது.

அவர் இரண்டு முகத்தையும் பெருவிரலால் தடவினார். "பச்சைதான சொரசொரன்னு இருக்கு? அத மொதல்ல தேய்க்கணுமோ?"

நான் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். எட்டு மில்லி சல்லடை என்றால் பருங்காய், ஆறு என்றால் பொடிக்காய். நம்பர் கூடினால் பருமன் கூடும். இத்தனை வருடத்தில் அது மாறிப் பார்த்ததில்லை. "விரல நம்பாதீக, நம்பரப் பாருங்க. ஆயிரம்தான் பருவெட்டு" என்றேன். எனக்குக் கொஞ்சம் அதிகாரக் குரல்தான். மறுபேச்சில்லாமல் வெள்ளையில் தொடங்கிப் பச்சையில் முடித்தார். கவாத்து நடந்த நாளெல்லாம் சாயங்காலம் என் கண் முன்னால் அப்படியே தீட்டினார்.

ஐந்தாம் நாள் எனக்கு லீவு. சோற்றுச் சட்டியோடு தோட்டத்துக்குப் போனேன். முதல் வரிசையில் வெட்டிய நுனியெல்லாம் நசுங்கி, நார் நாராகத் தொங்கியது. அடுத்த வரிசையிலிருந்து ஒவ்வொரு வெட்டும் வழுவழுவென்று இருந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கல். பச்சை முகத்தில் கத்தரியைத் தேய்த்துவிட்டு, கல்லைத் திருப்பி வெள்ளையில் மெதுவாக முடித்தார். நான் சத்தம் காட்டாமல் வாய்க்கால் வரை திரும்பிப் போய், அங்கிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். கல் பைக்குள் போயிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் வெள்ளை முகத்தை நனைத்தபோது, "ஏங்க, நான் தப்பாச் சொல்லிட்டேன். இதுல நம்பர் கூடக்கூட நைசாம். பச்சைய மொதல்ல தேய்ங்க" என்றேன்.

"அப்படியா?" என்று ஆச்சரியப்பட்டார். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

தைலப் புட்டியை எடுத்து வந்தேன்.

"நாலு நாளா வலியே இல்ல புள்ள" என்றார், வாய் தவறி.

நாலு நாளும் நான் தேய்த்துவிட்ட கை அது. புட்டியின் மூடியைத் திறந்தேன். அவர் கையை நீட்டினார்.